கல்வராயனுக்கு யார் சொல்வது?

உலகத்தின் சீதோஷ்ண நிலை மாறி வருகிறது என்பது இன்று விவாதத்துக்குரிய விஷயமன்று. 1850-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட காலத்தில் பூமியின் சராசரி உஷ்ணம் எவ்வளவோ, அதைவிட 2011 முதல் 2020 வரையிலான பத்து வருஷங்களில் ஏறக்குறைய 1.1 டிகிரி சென்டிகிரேடு அதிகமாக இருந்ததென்று ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானிகள் குழு தனது ஆறாவது அறிக்கையில் அறுதியிட்டுக் கூறியிருக்கிறது. 2024-ஆம் வருஷத்தில் அந்த உயர்வு ஒன்றரை டிகிரியையும் தாண்டிற்றென்று உலக வானிலை ஸ்தாபனம் அறிவித்தது. நமது தேசத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டால், 1901 முதல் 2018 வரை சராசரி உஷ்ணம் சுமார் 0.7 டிகிரி ஏறியிருப்பதாக மத்திய சர்க்காரின் புவி அறிவியல் இலாகா 2020-இல் வெளியிட்ட அறிக்கை சொல்லுகிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதன் ஆகாயத்தில் ஏற்றிய கரியமில வாயுவே இதற்கு முக்கிய காரணம் என்பதிலும் அறிஞர்களிடையே சந்தேகம் இல்லை.

இவை அச்சேறிய உண்மைகள். நாம் இன்று கேட்க விரும்புவது வேறு. இந்த உண்மை யாரைப் போய்ச் சேர்ந்திருக்கிறது? ஜெனீவாவில் கூடுகிறவர்கள் அறிவார்கள். டில்லியில் இலாகா நடத்துகிறவர்கள் அறிவார்கள். சென்னையில் மகாநாடு கூட்டுகிறவர்களும் அறிவார்கள். கள்ளக்குறிச்சி ஜில்லாவின் மேற்கெல்லையில் நிற்கும் கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் விதைத்து, மழையை நம்பிப் பிழைக்கும் மலையாளிக் குடியானவனுக்கு இதை யார் சொன்னார்கள்? எந்தப் பாஷையில் சொன்னார்கள்?

மலையும் அதன் கீழுள்ள நாடும்

கல்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சில இடங்களில் மூவாயிரம் அடிக்கும் மேல் உயர்ந்து, கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் நடுவே படுத்திருக்கிறது. அடிவாரத்தில் முட்புதர்க் காடு. சரிவுகளில் கோடையில் இலையுதிர்க்கும் வறண்ட காடு. உயரமான பள்ளத்தாக்குகளில் மாத்திரம் என்றும் பசுமை மாறாத சோலை. வெள்ளிமலை அதன் தாலுகாத் தலைநகர். அங்கே வாழும் மலையாளிகள், பெயர் எப்படியிருந்தாலும், தமிழ் பேசும் தமிழர்கள். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதிகம். மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த இம்மலை 1976-ஆம் வருஷத்தில்தான் சர்க்கார் வசமாயிற்று. தேசம் சுதந்திரமடைந்து இருபத்தொன்பது வருஷங்களுக்குப் பிறகே சுதந்திர தேசத்தின் நிர்வாகம் இம்மலை ஏறிற்று என்றால், மற்றச் செய்திகள் எவ்வளவு மெதுவாக ஏறும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இந்த மலையின் க்ஷேமம் மலைவாசிகளின் க்ஷேமம் மாத்திரமன்று. கோமுகி ஆறு இங்கே பிறக்கிறது. கச்சிராயபாளையத்தருகே 46 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் கோமுகி அணை பதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது. மணிமுக்தா நதியும் இம்மலைநீரைக் கொண்டு விருத்தாசலத்தை நோக்கிச் செல்கிறது. தென்புறத்துச் சரிவுகளின் நீர் வசிஷ்ட நதி வழியாக ஆத்தூர்ப் பக்கம் ஓடுகிறது. கடைசியில் இவை யாவும் வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகின்றன. ஆகவே கல்வராயனில் ஒரு சோலை காய்ந்தால் அதன் பலனை அனுபவிக்கிறவன் வெள்ளிமலையில் மாத்திரம் இல்லை. சின்னசேலத்திலும் விருத்தாசலத்திலும் இருக்கிறான். அவனுக்கும் இது சொல்லப்படவில்லை.

காட்டுக்கு நேர்வது என்ன?

உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏந்தக்கூடிய நீராவி ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. இந்த ஒரு கணக்கிலிருந்து இரண்டு தீமைகள் புறப்படுகின்றன. வெயில் காலத்தில் தாகமெடுத்த காற்று மண்ணிலும் இலையிலும் உள்ள ஈரத்தை முன்னிலும் வேகமாக உறிஞ்சுகிறது. மழை காலத்தில் அதே காற்று தான் சுமந்ததையெல்லாம் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. பத்து நாள் பெய்ய வேண்டிய மழை ஒரே இரவில் பெய்தால் மண் அதைக் குடிப்பதில்லை; சரிவில் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. வருஷத்தின் முடிவில் மழைமானியைப் பார்க்கிற உத்தியோகஸ்தர், "இவ்வருஷம் மழை குறையவில்லையே" என்பார். மலையிலுள்ள சுனையோ மாசியிலேயே வற்றியிருக்கும். இருவர் சொல்வதும் மெய்யே. சராசரிக் கணக்குக்கும் சுனைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை ஜனங்களுக்கு விளக்குவதே இப்போது வேண்டியிருக்கிற தொண்டு.

காய்ந்த காட்டுக்குத் தீ அபாயம் அதிகம். இதில் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். நமது வறண்ட காடுகளில் மூளும் தீயில் பெரும்பாலானது மனிதன் கையால் மூட்டப்படுவது. மேய்ச்சலுக்காகவும் வழிக்காகவும் வேட்டைக்காகவும் வைப்பதுண்டு. அணைக்காமல் எறிந்த பீடியும் உண்டு. சீதோஷ்ண மாறுதல் தீக்குச்சி கிழிப்பதில்லை. ஆனால் முன்பு ஒரு சருகுத் திட்டோடு அவிந்துபோன தீ இன்று ஒரு குன்றையே தின்னுமானால், அதற்குக் காரணம் காட்டின் வறட்சி. 2018 மார்ச் 11-இல் தேனி ஜில்லா குரங்கணி மலையில் தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதைத் தமிழ்நாடு மறந்திருக்க முடியாது. தீப்பட்ட நிலத்தில் முதலில் எழுந்து பரவுவது உண்ணிச்செடி. வெள்ளைக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அலங்காரத்துக்காக அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இச்செடி இன்று இந்தியக் காடுகளைப் பெருமளவில் மூடியிருக்கிறது. அது புல்லையும் இளங்கன்றையும் எழவிடாது. கோடையில் காய்ந்து அடுத்த தீக்கு விறகாகும். வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். கடுக்காய், நெல்லி, வேங்கை இவற்றின் கன்றுகள் துளிர்க்க இடமின்றிப் போகும். கல்வராயன் மலையாளிக்குக் கடுக்காய் என்பது அரிசி வாங்கும் காசு.

சார்வு ஆகாத நோட்டீஸ்

வக்கீல் தொழிலில் பழகியவர்கள் ஒரு விதியை அறிவார்கள். ஒருவனுடைய சொத்தைப் பற்றி வழக்கு நடக்கிறதென்றால் அவனுக்கு நோட்டீஸ் சார்வு ஆக வேண்டும். சார்வு ஆகாத வழக்கில் அவன்மீது தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. ஊரில் ஒருவருக்கும் தெரியாத பாஷையில் எழுதிய காகிதத்தைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவது பெயருக்குச் சார்வாகலாம், நியாயத்துக்குச் சார்வாகாது.

1927-ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டத்தைப் பார்ப்போம். அது அந்நிய ஆட்சி தன் கஜானாவுக்காகச் செய்த சட்டம். அதன் 6-ஆவது பிரிவு, ஒரு நிலத்தை ரிசர்வ் காடாக்க எண்ணினால் அதைச் சுற்றியுள்ள ஒவ்வோர் ஊரிலும் அவ்விடத்துப் பாஷையில் விளம்பரம் செய்ய வேண்டுமென்று கட்டளையிடுகிறது. தமிழ்நாட்டில் நடைமுறையிலிருப்பது அதற்கு முந்திய 1882-ஆம் வருஷத்துச் சட்டம் என்பது மெய்; ஆயினும் நாம் இங்கே கவனிப்பது ஆள்வோரின் மனப்போக்கை. காட்டை எடுத்துக்கொள்ள வந்த வெள்ளைக்காரன்கூட ஊர்ப் பாஷையில் சொல்ல வேண்டுமென்று தன் கையைத் தானே கட்டிக்கொண்டான். அந்தக் காடு காய்கிறது என்று சொல்ல வருகிற நம்மவர்கள் ஆங்கிலத்தில் அறிக்கை அச்சிட்டுவிட்டுக் கடமை முடிந்ததென்று நினைக்கிறார்கள். ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானிகள் குழு தன் சுருக்க அறிக்கைகளை ஆறு பாஷைகளில் வெளியிடுகிறது. அவற்றில் இந்தியாவின் தேச பாஷை ஒன்றுகூட இல்லை.

நம்மைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை இல்லாமலும் இல்லை. 1992-ஆம் வருஷத்துச் சர்வதேச ஒப்பந்தத்தின் 6-ஆவது ஷரத்தும், 2015-ஆம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கையின் 12-ஆவது ஷரத்தும், இவ்விஷயத்தில் பொதுஜனங்களுக்குக் கல்வி புகட்டவும், அறிவிக்கவும், அவர்களைப் பங்குபெறச் செய்யவும் சர்க்கார்களைக் கடமைப்படுத்துகின்றன. பாரிஸ் உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதி செய்தது 2016 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று. அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் காந்தியடிகள் எந்த வழியில் ஜனங்களோடு பேசினார் என்பதையும் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

ஒரு பிடி உப்பு

தாதாபாய் நவ்ரோஜி 1901-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்தியாவின் செல்வம் எவ்வாறு வடிகிறதென்று கணக்குப் போட்டுக் காட்டினார். கற்றவர்கள் படித்துத் தலையசைத்தார்கள். அதே வடிகாலை உழவனும் உணர்ந்தது 1930-இல். ஒரு பிடி உப்பு போதுமானதாயிற்று. ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது யாரும் புள்ளிவிவரம் கேட்கவில்லை. உப்புக்கும் வரியா என்ற ஒரே கேள்வியில் சாம்ராஜ்யத்தின் அநியாயம் முழுதும் அடங்கியிருந்தது. நவ்ரோஜியின் கணக்கு இல்லாவிடில் உப்பு வெறும் உப்புத்தான். உப்பு இல்லாவிடில் கணக்கு வெறும் காகிதந்தான்.

இன்றைய விஷயத்தில் கணக்கு தயாராயிருக்கிறது. உப்பு இன்னும் கிடைக்கவில்லை. துருவப் பிரதேசத்துப் பனிக்கட்டியும் அதன்மேல் நிற்கும் வெண்கரடியும் நமது குடியானவனுக்கு உப்பாக மாட்டா. அவரவர் ஊரிலேயே அது கிடைக்க வேண்டும். ஜப்பானியருக்குக் கிடைத்திருக்கிறது. கியோட்டோ நகரில் செர்ரி மரம் எந்த நாள் பூத்துக் குலுங்கிற்றென்று ஒன்பதாம் நூற்றாண்டு முதல் எழுதிவைத்திருக்கிறார்கள். 2021-இல் அது மார்ச் 26-இலேயே உச்சப் பூப்பை அடைந்தது. அதற்கு முந்திய ஆயிரத்திருநூறு வருஷத்துக் குறிப்புகளில் அவ்வளவு முந்தி அது பூத்ததில்லை. அந்த ஒரு தேதியைக் கேட்ட ஜப்பானியனுக்கு வேறு வியாக்கியானம் வேண்டியதில்லை.

நமக்கும் அத்தகைய குறிப்பு உண்டு. அது ஏட்டில் இல்லை, பழமொழியில் இருக்கிறது. "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்று நம் முன்னோர் சொன்னார்கள். 2023-இல் மார்கழி பிறந்த அன்றே காயல்பட்டினத்தில் கொட்டத் தொடங்கிய மழை ஒரு நாளில் 95 சென்டிமீட்டர். மறு வருஷம் நவம்பர் கடைசியில் கரையேறிய ஃபெங்கல் புயலின்போது, கல்வராயனுக்குக் கிழக்கே மயிலத்திலும் வடமேற்கே ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை பெய்தது, தென்பெண்ணை கரைபுரண்டது. மார்கழியில் முன்பும் புயல் அடித்ததுண்டு. 1964-இல் தனுஷ்கோடியை அழித்ததும் மார்கழிப் புயலே. ஆகையால் ஒரு மழையைக் காட்டி, இது சீதோஷ்ண மாறுதலின் வேலை என்று சாதிப்பது நியாயமன்று. இத்தகைய பெருமழைக்கு வேண்டிய நீராவியைச் சூடேறிய கடலும் காற்றும் மேன்மேலும் சேர்த்து வைக்கின்றன என்று சொல்வதே சரியான வாசகம். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்ல வேண்டும். மிகைப்படுத்தியவனை அடுத்த வருஷம் ஊர் நம்பாது.

குற்றவாளியா, சாட்சியா?

மலைவாசிகளுக்கு விஞ்ஞானம் எதற்கு, அவர்களே காட்டை அழிக்கிறவர்கள், அவர்களுக்கு வேண்டியது காவல் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெதனால் கலந்த விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது கல்வராயன் பெயர் தேசமெங்கும் அடிபட்டது. சென்னை ஹைகோர்ட்டும் மலைவாசிகளின் வாழ்க்கை நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாராயத்துக்காக மாத்திரம் ஒரு மலையைப் பேசுகிற உலகம், அம்மலையில் ஒருவன் வந்து காட்டைக் காக்கச் சொன்னால், கேட்கிறவன் அதைப் போலீஸ் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்வான்.

நியாயத்தைப் பார்ப்போம். இந்தியன் ஒருவன் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. மலையாளிக் குடியானவனின் பங்கு அதிலும் அற்பம். ஆகாயத்தைக் கெடுத்ததில் கடைசியில் நிற்கிறவனைக் காட்டைக் கெடுத்ததில் முதல் பிரதிவாதியாக நிறுத்துவது என்ன தர்மம்? 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுத்தது. தமிழ்நாட்டிலோ, 2008-இல் ஏற்பட்ட கோர்ட்டுத் தடையால் பட்டா வழங்குவது நின்று, சுப்ரீம் கோர்ட் அதை நீக்கிய 2016 வரை அவ்வுரிமை காகிதத்திலேயே கிடந்தது. உரிமை தாமதித்தது, இப்போது அறிவும் தாமதிக்கிறது.

எந்தச் சுனை எந்த மாதத்தில் வற்றிற்று, கடுக்காய் எப்போது பூத்தது, தேனடை எந்தப் பாறையை விட்டுப் போயிற்று, இவற்றை வருஷந்தோறும் பார்க்கிறவன் மலைவாசி. வெள்ளிமலைக் காட்டைப் பற்றிய வழக்கில் அவனே நேரில் கண்ட சாட்சி. அவனைக் கூண்டிலிருந்து இறக்கிச் சாட்சி மேடையில் ஏற்ற வேண்டும்.

செய்ய வேண்டியவை

தமிழ்நாடு சர்க்கார் 2022-இல் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கி, ஜில்லாதோறும் கலெக்டர் தலைமையில் அமைப்பு ஏற்படுத்தியிருக்கிறது. அதை வரவேற்கிறோம். அந்த அமைப்பு கல்வராயனில் செய்யத்தக்கவை என்று நமக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறோம்.

முதலாவது, கிராம சபை. வருஷத்துக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26 தீக்காலத்துக்கு முந்தியது. மார்ச் 22 தீக்காலத்தின் நடுவில் வருவது. அக்டோபர் 2 வடகிழக்குப் பருவமழைக்கு முந்தியது. இம்மூன்று நாட்களிலும் அம்மலையின் மழை, உஷ்ணம், தீ, அணை நீர்மட்டம் ஆகியவற்றை ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், நல்ல தமிழில் எழுதிச் சபையில் உரக்கப் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது சார்வு ஆகும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல உத்தியோகஸ்தர் ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

இரண்டாவது, தீச் செய்தி. செயற்கைக் கோள்கள் கண்ட காட்டுத் தீயை வனத்துறையினருக்கும், விரும்பிப் பதிந்துகொள்ளும் எவருக்கும் கைப்பேசி வழியாக அறிவிக்கும் ஏற்பாடு டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறையிடம் இருக்கிறது. கல்வராயன் மலையூர்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு வாலிபரையாவது அதில் பதிவு செய்து, செய்தி தமிழில் வரும்படி செய்வதற்குப் பெரும் பொருட்செலவு எதுவும் இல்லை.

மூன்றாவது, பள்ளிக்கூடம். மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஆளுக்கொரு மழைமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்துவிட்டால், கடுக்காயும் புளியும் பூக்கும் நாளைப் பிள்ளைகளே குறித்து வைப்பார்கள். "சீசன்வாட்ச்" என்ற திட்டத்தின்கீழ் கேரளம் முதலிய இடங்களில் பள்ளிப் பிள்ளைகள் மரங்களைப் பார்த்து எழுதி வருகிறார்கள். பத்து வருஷம் இப்படி எழுதினால் கல்வராயனுக்கும் ஒரு கியோட்டோ ஏடு கிடைக்கும். கோமுகிப் பாசனத்து விவசாயிகளுக்கும் அந்த ஏட்டின் பிரதி போக வேண்டும். மலையில் நடப்பது தங்கள் வயலில் நடப்பது என்பதை அவர்கள் அதில் காண்பார்கள்.

நான்காவது, கேட்பது. சொல்லுகிறவன் மேட்டிலும் கேட்கிறவன் பள்ளத்திலும் இருந்தால் பிரசாரம் பலிக்காது. எந்தச் சரிவில் உண்ணிச்செடியை முதலில் அகற்றுவது, எந்த ஓடையில் தடுப்பணை கட்டுவது என்பவற்றை மலைவாசிகளிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். அவ்வேலையின் கூலியும் அவர்களுக்கே சேர வேண்டும். காட்டைக் காப்பதால் வீட்டில் அடுப்பெரியும் என்று கண்டவனுக்கு வேறு பிரசங்கம் தேவையில்லை.

இவற்றையெல்லாம் சர்க்கார் தானாகவே செய்துவிடும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது தேசத் தொண்டர்களுக்கு அழகன்று. கட்சி எதுவாயினும், கிராமத்தில் பேசத் தெரிந்த ஒவ்வொருவரும் வரும் கிராம சபையில் எழுந்து, "எங்கள் மலையைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பதை எங்கள் பாஷையில் எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். இது யாசகமன்று, சட்டமும் சர்வதேச உடன்படிக்கையும் ஒப்புக்கொண்ட உரிமை. கல்வராயன் மழையில் விளையும் சாமையை உண்பவனுக்கும், அம்மலைத் தண்ணீரில் விளையும் நெல்லை உண்பவனுக்கும், அந்த மலைக்கு என்ன நேர்கிறதென்று தெரிந்தாக வேண்டும். நோட்டீஸ் சார்வு ஆகட்டும். பிறகு ஜனங்கள் தங்கள் காட்டுக்காகத் தாங்களே வாதாடிக் கொள்வார்கள்.